கடல் கடந்த மருத்துவப் பணி: மானிப்பாய் கற்பிக்கும் பாடம்

பிற நாடுகளுக்குச் சென்று நோயாளருக்குத் தொண்டு செய்தல் வேண்டும் என்னும் ஆவல் இக்காலத்து இளைஞர் பலரிடத்தே காணப்படுகின்றது. மருத்துவம் கற்க விழையும் மாணவர் சிலர் என்னிடம் வந்து இதுபற்றி உசாவுவதுண்டு. ஆபிரிக்காவில் ஒரு முகாம், நேபாளத்து மலைநாட்டில் ஒரு முகாம் என இரண்டு வாரமோ மூன்று வாரமோ தங்கிப் பணிசெய்து மீளும் குழுக்களைப் பற்றி அவர்கள் கேள்விப்படுகின்றனர். தாமும் அவ்வாறு செல்லலாமா, செல்வதாயின் எவ்வாறு ஆயத்தமாதல் வேண்டும் என்று வினவுகின்றனர். வினா நல்லதே, ஆயினும் விரைந்து விடை கூறத்தக்கதன்று.

ஒரு கொடையின் பெறுமதியைக் கொடுத்தவரைக் கேட்டு அறிவதிலும் பெற்றவரைக் கேட்டு அறிவதே சிறப்பு. வெளிநாட்டு மருத்துவப் பணியை இரண்டு நூற்றாண்டுகளாகப் பெற்றுவந்த மண் நம் யாழ்ப்பாண மண். அப்பணியில் எது நிலைத்தது, எது மறைந்தது என்பதைக் கண்ணாற் கண்டு அறிய விரும்புவோர் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பட்டினத்தில் பஸ் ஏறினால் அரைமணி நேரத்துள் மானிப்பாயை அடையலாம். சென்ற தவணை விடுமுறையில் ஒருநாள் உயர்தர வகுப்பு மாணவர் எழுவருடன் யான் மேற்கொண்ட சிறு பயணத்தின் விவரமே இக்கட்டுரை.

பண்டத்தரிப்பு

மானிப்பாய் வீதி பட்டினத்தை விட்டு நீங்கியதும் கடைகள் குறைந்து வேலிகள் தொடங்குகின்றன. நல்லெண்ணெய்க்குப் பெயர்போன ஆனைக்கோட்டையைக் கடந்து பஸ் மானிப்பாயை அடைகின்றது. ஆயினும் நாம் அங்கே இறங்கவில்லை. கதையை அதன் தொடக்கத்திலிருந்து அறிதல் நன்றென்று கருதி, சண்டிலிப்பாய் வழியாக வடக்கே பண்டத்தரிப்புக்குச் சென்றோம்.

பண்டத்தரிப்பு பனையும் வயலும் சூழ்ந்த அமைதியான ஊர். பஸ் நிலையத்தில் இறங்கிய மாணவன் ஒருவன் நாற்புறமும் நோக்கி, “சேர், இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கின்றது?” என்று கேட்டான். பார்ப்பதற்கு அதிகம் இல்லை என்பது உண்மையே. நினைப்பதற்குத்தான் உண்டு. அமெரிக்காவிலிருந்து மருத்துவத் தொண்டுக்கென்று கடல் கடந்து சென்றோருள் முதல்வர் எனப் போற்றப்படும் டொக்டர் யோன் ஸ்கடர் 1820ஆம் ஆண்டிற் குடியேறிய இடம் இதுவே.

ஸ்கடர் நியூயோர்க் நகரிலே நல்ல வருமானத்துடன் தொழில் நடத்தியவர். ஒருநாள் நோயாளியொருவரைப் பார்க்கச் சென்றவிடத்தில், பிற நாடுகளிற் சமயப் பணி புரிதலைப் பற்றிய சிறு பிரசுரம் ஒன்றைக் கண்டு வாசித்தார். அதுவே அவர் வாழ்க்கையை மாற்றியது. 1819ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் பொஸ்தன் துறைமுகத்திற் கப்பலேறினார். வழியிற் கல்கத்தாவிலே அக்குழந்தை இறந்துபோயிற்று. ஆறு மாதத்தின் பின் அவ்விருவரும் இலங்கையை வந்தடைந்தனர். 1836ஆம் ஆண்டிற் சென்னைக்கு மாறிச் செல்லும் வரையில் ஸ்கடர் யாழ்ப்பாணத்திலேயே பணியாற்றினார்.

அக்காலத்தில் வெளிநாடு செல்லுதல் என்பது என்னவென்பதை இதனால் ஒருவாறு உணரலாம். அது விடுமுறையிற் சென்று மீளும் யாத்திரை அன்று. பெற்றோரை மீண்டும் காண்போமா என்ற உறுதியின்றிச் செல்லும் பிரிவு. ஒரு கடிதத்துக்கு விடை கிடைக்க ஓராண்டு செல்லும். மருந்துப் பெட்டி தீர்ந்துபோனால் அடுத்த பெட்டி எப்போது வரும் என்று எவராலும் கூற இயலாது.

ஸ்கடருக்கு உதவியாக வேறு மருத்துவர் உடனே வருவதற்கும் வழி இருக்கவில்லை. 1820ஆம் ஆண்டில் இலங்கை ஆட்சிப் பொறுப்பில் இருந்த சேர் எட்வேட் பான்ஸ், மேலும் அமெரிக்க மிஷனார் வருவதைத் தடைசெய்தார். அத்தடை நீங்கியபின் 1833ஆம் ஆண்டிலேயே டொக்டர் நேதன் வோட் என்பவர் வந்து வட்டுக்கோட்டையிற் பணியேற்றார். இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளும் ஒரு மருத்துவர் தனித்து நின்ற ஆண்டுகள். ஒருவர் எத்துணைத் திறமையும் தியாகமும் உடையவராயினும் அவருக்கு இரண்டு கைகளே உள என்பதைப் பண்டத்தரிப்பு நமக்கு நினைவூட்டுகின்றது.

ஸ்கடரின் மரபு பின்னர் நெடிது வளர்ந்தது. பண்டத்தரிப்பிற் பிறந்த அவருடைய மகன் ஒருவர் தாமும் மருத்துவராகித் தமிழ்நாட்டிற் பணிபுரிந்தார். அம்மகனுடைய மகளே வேலூர் மருத்துவமனையை நிறுவிய டொக்டர் ஐடா ஸ்கடர். 1900ஆம் ஆண்டிற் சிறிய மருந்தகமாகத் தொடங்கிய அப்பணி 1918ஆம் ஆண்டிற் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. யாழ்ப்பாணத்தார் இன்றும் தீராத நோய்க்கு வேலூரை நாடிச் செல்லும்போது, அவ்வூருக்கும் பண்டத்தரிப்புக்கும் உள்ள உறவைப் பெரும்பாலோர் அறியார். அங்கும் ஐடா அம்மையார் தாம் ஒருவராக நோயாளரைப் பார்ப்பதோடு நில்லாமல், இந்நாட்டுப் பெண்களையே மருத்துவராக்கத் துணிந்தமையால் வேலூர் வேலூராயிற்று.

மானிப்பாய்

நண்பகலுக்கு முன் மானிப்பாய்க்குத் திரும்பினோம். இவ்வூரை அறியாத வாசகருக்கு ஒரு சொல். மானிப்பாய் யாழ்ப்பாணத்தின் பழம்பெரும் ஊர்களுள் ஒன்று. சித்திரைப் புத்தாண்டு நாளிலே தேரோடும் மருதடி விநாயகர் ஆலயம் இங்குள்ளது. அமெரிக்க மிஷனாரின் அச்சியந்திரசாலையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கேயே இருந்தது. 1841ஆம் ஆண்டில் தோன்றிய உதயதாரகைப் பத்திரிகையும், சந்திரசேகர பண்டிதர் உழைப்பால் உருவாகி 1842ஆம் ஆண்டில் வெளிவந்த மானிப்பாய் அகராதியும் இவ்வூர் அச்சிலே பிறந்தவை. ஐம்பத்தெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைத் திரட்டிய அகராதி அது. தமிழ்ச் சொற்களைத் தொகுத்து அச்சேற்றிய ஊரே பின்னர் புதிய மருத்துவச் சொற்களை ஆக்கிய ஊராகவும் ஆனமை வியப்பன்று.

வீதியோரத்தில் உள்ள வைத்தியசாலை கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை எனப் பெயர்பெற்றுள்ளது. அப்பெயருக்கு உரியவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அவர் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாகாணத்து வூஸ்ரர் நகரிற் பிறந்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் கற்றுப் பட்டம் பெற்றவர். 1847ஆம் ஆண்டு பொஸ்தனிற் கப்பலேறியபோது அவருக்கு வயது இருபத்துநான்கு. அந்நகரில் ஈதர் என்னும் மயக்கமருந்தைக் கொடுத்து நோவின்றிச் சத்திரசிகிச்சை செய்யலாம் என்பது அதற்கு ஆறு மாதத்துக்கு முன்னரே உலகறியக் காட்டப்பட்டிருந்தது. மேலைநாட்டு மருத்துவம் பெரியதொரு வாயிலைத் திறந்த காலம் அது.

மறு ஆண்டு மானிப்பாயில் நிலைகொண்ட கிறீன் நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். கூடவே மாணவரைச் சேர்த்துப் பாடம் சொல்லவும் தொடங்கினார். இதுவே ஈண்டு நாம் ஊன்றி நோக்கவேண்டியது. வந்த மருத்துவர் ஒருவர், நோயாளரோ எண்ணிறந்தோர். வாந்திபேதி ஊர் ஊராகப் பரவி மக்களை வாரிக்கொண்டு சென்ற காலம் அது. வேறொரு மருத்துவரைக் கடல் கடந்து வருவித்தால் தொல்லை சற்றுக் குறையும், ஆனால் தீராது. இவ்வூர்ப் பிள்ளைகளையே மருத்துவராக்கினால் அவர்கள் வேறு பிள்ளைகளை ஆக்குவர். இவ்வாறு எழுந்த வகுப்பு 1848ஆம் ஆண்டிற் சில மாணவருடன் ஆரம்பமாயிற்று. கொழும்பிலே அரசினர் மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1870ஆம் ஆண்டில் என்பதை நினைத்தால், மானிப்பாய் எத்துணை முற்பட்டது என்பது விளங்கும். இடையில் ஏறத்தாழ ஐந்தாண்டு தாயகம் சென்றிருந்த காலம் நீங்கலாக, 1873ஆம் ஆண்டு வரை கிறீன் இங்கே கற்பித்தார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கு மேற்பட்டோர்.

தமிழில் மருத்துவம்

தொடக்கத்தில் வகுப்புகள் ஆங்கிலத்திலேயே நடைபெற்றன. மாணவர் பெரும்பாலும் வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலக் கல்வி பெற்றோர். சிலகாலத்தின் பின் கிறீன் ஒன்றைக் கவனித்தார். ஆங்கிலத்திற் கற்றுத் தேறிய வைத்தியர் அரசினர் உத்தியோகத்தையும் நல்ல சம்பளத்தையும் நாடி வேறிடங்களுக்குச் சென்றனர். எந்தக் கிராமத்தார் பொருட்டு அவர்கள் பயிற்றப்பட்டனரோ அந்தக் கிராமங்கள் மீண்டும் வைத்தியரின்றி நின்றன. அவர்களைக் குறைகூறுதல் எளிது. கிறீன் குறைகூறுவதோடு நின்றுவிடாமல், தாய்மொழியிற் கற்றவன் தன் ஊரிலேயே தொழில் செய்து வாழ்வான் என்று எண்ணி, வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார்.

அதற்கு நூல்கள் வேண்டுமே! தமிழை முயன்று கற்றிருந்த கிறீன், தம் மாணவரையும் துணையாகக் கொண்டு மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். முதல் நூல் 1852ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. பின்னர் 1857இற் பிரசவ வைத்தியம், 1867இல் இரண வைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், 1875இற் கெமிஸ்தம், 1883இல் மனுஷ சுகரணம் என ஒன்றன்பின் ஒன்றாக நூல்கள் தோன்றின. உலகெங்கும் உடற்கூற்று மாணவர் இன்றும் கையாளும் கிறேயின் பெருநூலே அங்காதிபாதமாகத் தமிழில் வந்தது. அந்நூல் இலண்டனில் முதன்முதல் வெளிவந்தது 1858ஆம் ஆண்டில். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழில் வந்துவிட்டது. இந்நூல்கள் அனைத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ நாலாயிரம் பக்கம் வரும் என்பர்.

நூற்பெயர்களை மாணவருக்குக் கூறியபோது அவர்கள் சிலவற்றைக் கேட்டு நகைத்தனர். கெமிஸ்தம் என்ற சொல்லை இன்று எவர் வழங்குகின்றனர்? இரசாயனவியல் என்கிறோம். சுகரணம் என்பதற்கு உடற்றொழிலியல் என்கிறோம். ஆயினும் அவர் சொல்லாக்கிய முறையை நோக்குதல் வேண்டும். மக்களிடத்தே வழங்கும் சொல் இருப்பின் அதனை எடுத்தார். புண்ணுக்கும் காயத்துக்கும் மருத்துவம் செய்தலை இரண வைத்தியம் என்று நம் ஊரார் முன்னரே வழங்கியதால், சத்திரசிகிச்சை நூலுக்கு அதுவே பெயராயிற்று. அவ்வாறு கிடையாதவிடத்து வடமொழியை நாடினார். அங்கும் கிடையாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இயைய மாற்றினார். கெமிஸ்தம் அவ்வாறு வந்தது. கலைச்சொல்லாக்கம் பற்றி நாம் இன்றும் நடத்தும் விவாதங்களிற் பெரும்பகுதி அவர் மேசையில் அன்றே நடந்து முடிந்தது எனலாம்.

சமயமும் மருந்தும்

இக்கதையை இந்துக்களாகிய நாம் கூறும்போது ஒன்றை மறைத்தல் முறையன்று. அமெரிக்க மிஷனார் மருந்து கொடுப்பதை மட்டும் நோக்கமாகக் கொண்டு வந்தாரல்லர். தம் சமயத்தைப் பரப்புதலே அவர்களின் முதல் நோக்கம். அதனை அவர்கள் வெளிப்படையாகவே கூறினர். கிறீனும் அவ்வாறே. வூஸ்ரர் நகரில் உள்ள அவர் கல்லறையில் ‘தமிழருக்கான மருத்துவ நற்செய்தியாளர்’ எனப் பொருள்படும் சொற்களே பொறிக்கப்பட்டுள்ளன.

நோயுற்று மெலிந்து நிற்பவனிடம் சமயம் பேசுவது தகுமா என்ற வினா அக்காலத்திலேயே எழுந்தது, இன்றும் எழுகின்றது. நோயாளி வாசலில் நிற்கும்போது அவன் விருப்பம் முழுமையாக அவன் வசத்தில் இல்லை. ஆதலால் கொடுப்பவன் தான் எதிர்பார்க்கும் கைம்மாற்றைப் பற்றி மிகவும் கூச்சமுடையவனாய் இருத்தல் வேண்டும் என்பதே என் கருத்து.

நம் முன்னோர் இவ்வினாவுக்குத் தக்க விடை கண்டனர். ஆறுமுக நாவலரும் கிறீன் பிறந்த அதே 1822ஆம் ஆண்டிற் பிறந்தவர். கிறீன் மானிப்பாயில் வகுப்பைத் தொடங்கிய அதே 1848ஆம் ஆண்டில் நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மிஷனாரிடமிருந்து பாடசாலை நடத்தும் முறையையும் அச்சியந்திரத்தின் வலிமையையும் அறிந்து, அவற்றைத் தம் சமயத்துக்கும் மொழிக்கும் பயன்படுத்தினார். ஊரவரிற் பலரும் மானிப்பாயில் மருந்தை வாங்கிக்கொண்டு, திருநீற்றைக் கைவிடாது வீடு திரும்பினர். இருவரும் எதிரெதிர்ப் பக்கத்தில் நின்றோராயினும், புதிய அறிவைத் தமிழ் உரைநடையிற் சொல்லமுடியும் என்பதில் ஒரே நம்பிக்கை உடையோராய் இருந்தனர். இன்று நாம் இருவரையும் ஒருங்கே நினைந்து போற்றுவதில் முரண் ஒன்றும் இல்லை.

நிலைத்ததும் மறைந்ததும்

உடல்நலம் குன்றி 1873ஆம் ஆண்டிற் கிறீன் தாயகம் திரும்பினார். அங்கிருந்தபடியே தமிழ் நூல்களைத் திருத்தி அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். மனுஷ சுகரணம் வெளிவந்ததற்கு மறு ஆண்டு, 1884இற் காலமானார். வூஸ்ரரில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்து மாணவருக்காகத் தமிழ் எழுத்தோடு பொழுதைக் கழித்த அம்முதியவரின் உருவம் என் உள்ளத்தை விட்டு அகல்வதில்லை.

வைத்தியசாலை வாயிலில் நின்றபோது மாணவன் ஒருவன் கேட்டான்: “சேர், அவர் எழுதிய நூல்களை இன்று ஒருவரும் படிப்பதில்லை. மருத்துவம் மறுபடியும் ஆங்கிலத்திலேதான் நடக்கின்றது. அப்படியானால் அவர் பட்ட பாடு வீண்தானே?”

“ஒரு பகுதி வீணாயிற்று, தம்பி. அது ஏன் என்று யோசித்துப் பார்” என்றேன்.

தமிழ்வழி மருத்துவக் கல்வி அவர் சென்றபின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. அரசாங்கத்தின் மொழி ஆங்கிலம். உத்தியோகத்தின் மொழி ஆங்கிலம். கொழும்பிற் புதிதாகத் தோன்றிய மருத்துவக் கல்லூரியின் மொழியும் ஆங்கிலம். ஒரு மனிதரின் உறுதியைத் தூணாகக் கொண்டு நின்ற கட்டடம் அத்தூண் நீங்கியதும் சரிந்தது. அதனைத் தம்முடையதென்று ஏற்றுத் தாங்குவதற்கு ஊராரும் முன்வரவில்லை, அரசும் முன்வரவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் தோன்றியது 1978ஆம் ஆண்டில். மானிப்பாய் வகுப்புக்கும் அதற்கும் இடையே நூற்றுமுப்பது ஆண்டுகள் கழிந்துபோயின.

நிலைத்தது யாது? வைத்தியசாலை நிலைத்தது. மருத்துவம் நம் பிள்ளைகள் கற்கக்கூடிய தொழில் என்ற எண்ணம் யாழ்ப்பாணத்து வீடுகளில் வேரூன்றியது. அறுபதின்மர் ஊர்கள்தோறும் செய்த பணியாலே மேலைநாட்டு வைத்தியம் அந்நியரின் வித்தை என்ற அச்சம் நீங்கியது. கிறீன் தம் கையால் ஆற்றிய புண்களை எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அவர் ஆக்கிய மனிதராலேயே அவர் நினைக்கப்படுகின்றார்.

இணுவில்

மாலையிற் சுதுமலை வழியாக இணுவிலுக்குச் சென்றோம். செம்மண் தோட்டங்களும் ஆழமான கிணறுகளும் உள்ள ஊர் இது. ஆண் மருத்துவரிடம் செல்ல நாணிய பெண்கள், பேற்று வேதனையிலும் வீட்டுக்குள்ளே கிடந்து இறந்த காலம் ஒன்று இருந்தது. கிறீன் பிரசவ வைத்திய நூலைத் தமிழில் எழுதினாலும், ஆண்மகனாகிய அவர் கடக்கமுடியாத வாசற்படி அது. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென இணுவிலில் 1898ஆம் ஆண்டில் மக்லியொட் வைத்தியசாலை தோன்றியமையும், பெண் மருத்துவர் வந்து அங்கே பணியாற்றியமையும் அக்குறையை நீக்கின. ஒரு நாட்டுக்குச் செல்லும் மருத்துவன் அந்நாட்டாரின் நாணத்தையும் வழக்கத்தையும் அறியாவிட்டால், அவனுடைய கல்வி வாசலோடு நின்றுவிடும் என்பதற்கு இணுவில் சான்று.

இன்று செல்வோர்க்கு

இனி, மாணவர் கேட்ட வினாவுக்கு வருவோம். திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துள்ளார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து மருந்தை அளித்துப் பேணுபவன் என்பன அவை. கடல் கடந்து செல்லும் குழு மருத்துவனையும் மருந்தையும் கொண்டுசெல்லும். நோயாளி அங்கே இருக்கின்றான். நான்காவது கூறு எங்கே? குழு விமானம் ஏறிய மறுநாள் கட்டை அவிழ்த்துப் புண்ணைத் துடைப்பவர் யார்? நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ ஒரு மாதத்துக்கு மருந்து கொடுத்துவிட்டு வந்தால் இரண்டாம் மாதத்தில் நோயாளி என்ன செய்வான்? இரண்டு வாரத்து முகாமின் குறை இங்கேதான் உள்ளது.

மருந்தைப் பற்றியும் இவ்வாறே சொல்லலாம். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில், எவரும் கேளாத மருந்துகளும் காலங்கடந்த மருந்துகளும் அவ்வூரார் வாசிக்க இயலாத மொழியில் எழுதப்பட்ட மருந்துகளும் மலைபோற் குவிந்தன. அவற்றைப் பிரிப்பதும் அழிப்பதும் துயருற்றிருந்த அந்நாட்டாருக்கே பெருஞ்சுமையாயிற்று. அனுப்பியோர் நல்லெண்ணம் உடையோரே. உலக சுகாதார நிறுவனம் இதுபற்றிய விதிகளை 1996ஆம் ஆண்டிலேயே வகுத்திருந்தது: பெறுவோர் கேட்டதையே அனுப்புதல் வேண்டும், சேரும்போது பொதுவாக ஓராண்டுக் காலமேனும் எஞ்சியிருத்தல் வேண்டும், பெயர் அந்நாட்டு மருத்துவருக்கு விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும். கிறீன் அறிந்திருந்ததையே அவ்விதிகளும் கூறுகின்றன.

ஆயினும் குறுகிய காலப் பணி எல்லாம் பயனற்றது என்பது என் கருத்தன்று. 1968ஆம் ஆண்டில் ‘ஹோப்’ என்னும் அமெரிக்க மருத்துவக் கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தது. அக்கப்பல் தான் சென்ற நாடுகளிற் பல மாதங்கள் தங்கி, அந்நாட்டு மருத்துவரையும் தாதியரையும் தன் மருத்துவரின் அருகே நிறுத்திப் பயிற்றுவதையே முதற்பணியாகக் கொண்டிருந்தது. போர்க்காலத்திலும் பேரிடர்க் காலத்திலுமோ நிலைமை வேறு. உள்ளூர் மருத்துவர் இடம்பெயர்ந்து, சத்திரசிகிச்சைக்கு ஆளின்றி வைத்தியசாலைகள் தவித்தபோது, எல்லைகளற்ற மருத்துவர் அமைப்பினர் 1986ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் ஆற்றிய பணியை வடபகுதியார் மறக்கமாட்டார். பருத்தித்துறை வைத்தியசாலையில் அவர்கள் இருந்தமையால் உயிர் பிழைத்தோர் நம்மிடையே உள்ளனர். உயிர் போகும் தறுவாயிற் கை கொடுப்பவனிடம் நாளைய திட்டத்தைக் கேட்டுக்கொண்டிருத்தல் ஆகாது.

இடர் நீங்கிய காலத்திலோ கேட்கத்தான் வேண்டும். செல்ல விரும்பும் மாணவர் தம்மைத் தாமே சில வினாக்கள் கேட்டுக்கொள்ளட்டும். அந்நாட்டு மருத்துவர் நம்மை அழைத்தனரா? நாம் போனபின் அவ்வேலையைத் தொடர்வதற்கு ஒருவரையேனும் பயிற்றினோமா? அவர்கள் மொழியில் ‘எங்கே நோகின்றது’ என்று கேட்கவாவது அறிவோமா? நம் ஊரில் நமக்கு அனுமதிக்கப்படாத சிகிச்சையை, அவர்கள் ஏழைகள் என்பதற்காக அங்கே செய்துபார்க்கத் துணிகின்றோமா? கடைசி வினாவுக்கு ஆம் என்னும் விடை வருமாயின் பயணச்சீட்டை வாங்காது விடுவதே தொண்டு. படிப்பு முடியாத மாணவன் பாரம் தூக்கலாம், பதிவேடு எழுதலாம், குழந்தைக்குக் கதை சொல்லலாம். கத்தியைத் தொடுதல் ஆகாது.

நம்மவர் கொடுத்தது

இந்நாடு பெற்றுக்கொண்டே இருந்த நாடு என்று எவரும் எண்ணவேண்டாம். டொக்டர் ஹட்சன் சில்வா 1961ஆம் ஆண்டில் நிறுவிய கண்தானச் சங்கம் 1964ஆம் ஆண்டு முதல் வெளிநாடுகளுக்குக் கண்களை அனுப்பி வந்துள்ளது. முதலிற் சென்றவை சிங்கப்பூருக்கு. ஆபிரிக்காவின் தென் சூடான் நாட்டில், ஐக்கிய நாடுகள் படையின் பொருட்டு நம் நாட்டு இராணுவ மருத்துவர் 2014ஆம் ஆண்டில் வைத்தியசாலையொன்றை ஏற்று நடத்தத் தொடங்கினர். மருத்துவப் பணி பெற்ற நாடு மருத்துவப் பணி கொடுக்கும் நாடாகவும் ஆகியுள்ளது.

ஆயினும் இதன் மறுபுறத்தையும் காணவேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் பின் நம் மருத்துவர் பலர் வெளிநாடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களை நான் பழிக்கவில்லை. அவரவர் வீட்டு அடுப்பு அவரவருக்கே தெரியும். ஆனால் கிறீன் மானிப்பாயிற் கண்ட அதே துன்பத்தை நாம் மீண்டும் காண்கிறோம். நன்கு கற்றவன் போய்விடுகின்றான். கிராமத்து வைத்தியசாலைக் கதவு பூட்டிக் கிடக்கின்றது. அவர் அதற்கு மொழியை மருந்தாகக் கண்டார். அம்மருந்து போதவில்லை என்பதைக் காலம் காட்டிவிட்டது. நல்ல சம்பளம், பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலை, ஊராரின் மதிப்பு என்பனவும் வேண்டும். இவற்றைத் தேடிக்கொடுப்பது நம்முடைய கடன். அதற்கு எந்த நாட்டிலிருந்தும் கப்பல் வராது.

மாணவர்களே! ஆபிரிக்காவுக்கும் நேபாளத்துக்கும் செல்லும் ஆவல் உங்கள் உள்ளத்தில் எழுந்தால் அதனை அடக்கவேண்டாம். முதலிற் கற்று முடியுங்கள். நம் வன்னியிலும் மலைநாட்டிலும் தீவகத்திலும் மருத்துவரை எதிர்பார்த்திருக்கும் ஊர்களிற் சிலகாலம் பணிசெய்து பழகுங்கள். பின்பு அழைக்கும் நாட்டுக்குச் செல்லுங்கள். செல்லுமுன் அவர்கள் மொழியைப் படியுங்கள். அங்கே எத்தனை நோயாளரைப் பார்த்தீர்கள் என்று உங்களைக் கேட்போர் பலர் இருப்பர். நீங்கள் திரும்பியபின் உங்கள் இடத்தில் நிற்க அவ்வூர்ப் பிள்ளைகளுள் எவரைப் பழக்கிவிட்டு வந்தீர்கள் என்று நான் கேட்பேன்.